கல்லுப்பள்ளி புறப்பட்ட கதை

கோரைத்துறைக் கல்லுப்பள்ளி நடக்க ஆரம்பித்த சேதியை ஊருக்கு முதலில் சொன்னவை செருப்புகள்தான். ரஜப் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், சுபுஹுத் தொழுகை முடித்து வெளியே வந்தவர்கள் படிக்கட்டோரம் காலால் துழாவிப் பார்த்து, ஒரு செருப்பும் சிக்காமல், எவனோ மொத்தமாகக் களவாண்டு போய்விட்டான் என்று வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினார்கள். பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் பார்த்தால், செருப்புகள் எல்லாம் ஜோடி ஜோடியாக, விட்ட வரிசை கலையாமல், படியிலிருந்து ஒரு எட்டு கிழக்கே தள்ளிக் கிடந்தன. செருப்பு அதன் இடத்தில்தான் இருந்தது. தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டியும் கிணறும் அவற்றின் இடத்தில்தான் இருந்தன. கரண்டுக் கம்பி மட்டும் விறைப்பாக இழுத்து நின்றது, பள்ளியின் மேற்குச் சுவருக்கு அடியில் ஒரு உடைமுள் செடி நசுங்கிக் கிடந்தது. நானூறு வருஷமாக நின்ற கட்டடம் ஒரு எட்டு எடுத்து வைத்தால் என்ன சத்தம் கேட்கும் என்று யாருக்கும் தெரியாததால், சத்தம் கேட்டதா இல்லையா என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் ஒரு எட்டு வைத்தது. அதற்கு மறுநாள் ஒன்று. வெள்ளிக்கிழமை, அந்த நாளுக்குரிய மரியாதையோ என்னவோ, இரண்டு எட்டு வைத்தது. எட்டு வைப்பதெல்லாம் சுபுஹுத் தொழுகையின் கடைசி சலாமுக்குள் முடிந்துவிடும்; உள்ளே நின்றவர்களுக்கு ஒரு ஆட்டமும் தெரியாது, விளக்குகூட அசையாது. அடுத்த செவ்வாய்க்குள் ஊர் பழகிவிட்டது. தொழ வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உள்ளே தூணோரம் வைத்தார்கள். கரண்டுக்காரர் கம்பியை வெட்டாமல், சுருளாக இருபது கஜம் கூடுதலாகத் தொங்கவிட்டு, இது இப்போதைக்குப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீஸ் சர்வேயர் வந்து மூன்று நாள் தொடர்ந்து அளந்துவிட்டு, நான்காம் நாள் அளவுச் சங்கிலியைச் சுருட்டி, பள்ளி நின்ற பிறகு சொல்லி அனுப்புங்கள் என்றார். மேற்கே பொட்டலில் டீக்கடை போட்டிருந்த பாதுஷா மட்டும், தன் கடைக்கும் பள்ளிக்கும் நடுவே எத்தனை எட்டு இருக்கிறது என்று தினமும் எட்டிப் பார்த்துப் பார்த்து, பாலைப் பொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கு நேர் மேற்கே, அந்தப் பொட்டலையும் உடைமரங்களையும் பாதுஷாவின் கடையையும் தாண்டி, ஊரின் கடைசி வீடு முத்துநாச்சியாவுடையது. அந்த வீட்டை ஊர் விலக்கி வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. யாரும் பேசக்கூடாது, கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. ஆனாலும் முட்டை விற்கிற கமருன்னிசா தினமும் வந்து பேசிவிட்டுப் போவாள். விலக்கு முன்வாசலுக்குத்தான், கொல்லைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அவள் கட்சி. பள்ளி நடந்த சேதியையும் அவள்தான் கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்.

"கேட்டீகளா ராத்தா? நம்ம பள்ளி எட்டு வைக்குதாம்."

"எந்தப் பக்கம்?" என்றாள் முத்துநாச்சியா.

கமருன்னிசா அசந்துபோனாள். ஊரில் எல்லாரும் எப்படி என்று கேட்டார்கள், ஏன் என்று கேட்டார்கள், மெய்யாகவா என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"மேக்க ராத்தா. ஒங்க வீட்டுப் பக்கம்."

முத்துநாச்சியா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு முன்வாசலுக்கு வந்து, தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசற்படியிலிருந்து பள்ளியின் பின்சுவர் வரைக்கும் நடந்து எண்ணினாள். நாற்பத்தொரு எட்டு. கமருன்னிசா சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு எட்டு எட்டு என்று வைத்தாலும் ஐந்து வாரம் ஆகும். உள்ளறையில் சன்னலோரம் படுத்திருக்கும் அவள் புருஷன் இதுரீசுக்கு டாக்டர் கொடுத்திருந்ததோ நாலே வாரம். ஒரு வாரம் இடித்தது. அந்த ஒரு வாரத்தை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல், அன்றைக்குப் பகல் முழுக்க வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தாள், உலையில் அரிசி போட மறந்தாள், போட்டதும் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

இதுரீசு ஒரு காலத்தில் அந்தப் பள்ளியின் மோதினார். இருபத்தாறு வருஷம் அவர்தான் பாங்கு சொன்னார், பாய் விரித்தார், தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தார், சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசிக் காலையில் புயலடித்துக் கடல் தெருவுக்குள் வந்தபோது, கீழத்தெருப் பெண்களும் கடற்கரைக் குப்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஆடுகளும் கோழிகளுமாக, இடுப்பளவுத் தண்ணீரில், ஊரிலேயே உயரமான அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் வந்து நின்றார்கள். பெண்கள் அந்தப் பள்ளிக்குள் போகிற வழக்கமில்லை. கதவு பூட்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் கதவு திறந்தது, உள்ளே இருநூறு பேர் ஒதுங்கினார்கள், குப்பத்துப் பெண் ஒருத்திக்கு இமாம் ஏறிப் பிரசங்கம் செய்கிற மிம்பர் படிக்கு மூன்று முழம் தள்ளிப் பிள்ளையும் பிறந்தது. தண்ணீர் வடிந்தது. சனங்கள் வீட்டுக்குப் போனார்கள். பாய்கள் கழுவி வெயிலில் காய்ந்தன. காயாமல் நின்றது ஜமாஅத்தின் கோபம் ஒன்றுதான்.

யாரைக் கேட்டுக் கதவைத் திறந்தாய், தொழுகிற இடத்தில் பிள்ளைப்பேறா, ஜமாஅத் முன்னால் வந்து தப்பென்று சொல் என்றார்கள். இதுரீசு வந்து நின்றார். இந்தப் பள்ளி கட்டின நாளிலிருந்து கப்பல் தப்பி வந்தவன் படுத்தது இதில்தான், வழிப்போக்கன் கஞ்சி குடித்தது இதில்தான், முத்துக் குளிக்கிறவர்களின் வழக்கைத் தீர்த்ததும், பிள்ளைகள் ஓதப் படித்ததும், காலரா வந்த வருஷம் நோயாளிகளைக் கிடத்தியதும் இதில்தான், தொழுகை நேரம் போக மற்ற நேரம் பூட்டுகிற பழக்கமே நம் காலத்தில் வந்தது என்று நிதானமாகச் சொன்னார். தப்பென்று மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே தீர்மானம் எழுதினார்கள். அந்த வீட்டோடு ஒட்டில்லை, உறவில்லை. அந்த வீட்டில் யார் செத்தாலும் மய்யித்தைச் சுமக்கப் பள்ளியின் சந்தூக்குக் கிடையாது, அடக்க மையவாடியில் இடம் கிடையாது, மய்யித்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து ஜனாஸாத் தொழுகை நடத்தக் கூடாது.

கதவைத் திறந்தது இதுரீசு இல்லை. அது முத்துநாச்சியாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் கடலோரத்தில் கிழவர்களைத் தோளில் சுமந்து கரையேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், காயப்போட்ட கைலியில் முடிந்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடியது அவள்தான். பிள்ளைப்பேறு பார்த்ததும் அவள்தான். அவர் வந்து பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியை வாங்கித் தன் இடுப்பில் முடிந்துகொண்டார், அதோடு பழியையும் முடிந்துகொண்டார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட உன்னால்தானே என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள். தனக்காக அந்த மனுஷன் சந்தூக்கில்லாமல், தொழுகையில்லாமல், ஊருக்கு வெளியே முள்ளுக்குள் போய்ப் படுக்கவேண்டும் என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

இதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. பள்ளி போகிற திசை மேற்கு. மேற்கே இருப்பது மக்கா. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி சிக்கந்தர் மரைக்காயர், தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, ஈரத்தாடியை உதறிக்கொண்டு அடித்துச் சொன்னார். "நானூறு வருசமா அஞ்சு நேரமும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்ன கட்டடம். ஒரு நாளைக்குக் கால் கிளம்பாதா? பள்ளி ஹஜ்ஜுக்குப் போகுதுப்பா!"

அவ்வளவுதான், ஊர் கொண்டாட்டத்தில் இறங்கிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போகிற ஆளுக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் பள்ளிக்குச் செய்தார்கள். தூண்களுக்கு மாலை போட்டார்கள், சுவருக்கு அத்தர் தடவினார்கள், தெருத் தெருவாக நெய்ச்சோறு ஆக்கி வழியனுப்பு விருந்து வைத்தார்கள், எனக்காக அங்கே துஆக் கேள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லிடுக்குகளில் செருகினார்கள். ரிட்டயரான கணக்கு வாத்தியார் ஒருவர், இந்த நடைக்கு மக்கா போய்ச்சேரப் பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷம் ஆகும் என்று போட்டுக் காட்டினார். அவரை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. இன்னொரு பக்கம், பள்ளி விட்டுப்போன வெறுந்தரையில் தொழுவதா, நகர்ந்துவிட்ட கட்டடத்துக்குள் தொழுவதா என்று இரண்டு கட்சி உண்டாகி, முறைத்துக்கொண்டு தனித்தனியாக நின்றார்கள். இமாம் ஜியாவுதீன் ஆலிம்சா வெளியூர்க்காரர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பள்ளியாக இருந்த மண் கியாமத்து நாள் வரைக்கும் பள்ளிதான், கட்டடமும் பள்ளிதான், இடம் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள் என்று சொல்லி அவர் அதை முடித்து வைத்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் ஆலிம்சா ஒரு பேச்சை எடுத்தார். ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர், தான் நோகடித்த ஒவ்வொருவர் வாசலுக்கும் போய், நான் செய்ததை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டு, அவர் வாயால் பொருந்திவிட்டேன் என்று சொல்ல வைத்த பிறகுதான் ஊரைத் தாண்டவேண்டும், இது நம் வழக்கம் என்றார். பள்ளியும் அதைத்தானே செய்யும் என்றார்.

பள்ளி யாரை நோகடித்தது என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் இமாமுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த சிக்கந்தர் மரைக்காயர் சிரிக்கவில்லை. இமாம் நின்று தொழவைக்கிற மாடமான மிஹ்ராபுக்கு வலப்பக்கத்தில் ஒரு சன்னல் உண்டு. அதன் வழியே அவர் கண்ணுக்கு நேரே, பொட்டலுக்கு அந்தப் பக்கம், பெரிதாகிக்கொண்டே வரும் ஒரு வீடு தெரிந்தது. ஊர் மொத்தமும் அஞ்சு நேரமும் அந்த வீட்டைப் பார்த்துத்தான் கைகட்டி நிற்கிறது, அந்த வீட்டைப் பார்த்துத்தான் குனிகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இதுரீசும் அவரும் ஒரே வயது, ஒரே ஓதற்பள்ளி, கடலில் ஒரே கட்டையைப் பிடித்து நீந்தக் கற்றவர்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

மறுநாளே அவர் கட்சி மாறிவிட்டார். பள்ளி போய்விட்டால் ஊர் என்னாவது, நம் பிள்ளைகள் எங்கே தொழுவது, அதைக் கட்டி நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்தார். நேற்று வரைக்கும் மாலை போட்டவர்கள் இன்றைக்கு வள்ளத்தின் நங்கூரக் கயிறுகளைச் சுமந்துவந்து, பள்ளித் தூணில் ஒரு முனையும் கிழக்கே நின்ற பெரிய புளியமரத்தில் ஒரு முனையுமாக, கப்பல் கட்டுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். மறுநாள் காலையில் கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை, புளியமரம் சாய்ந்திருக்கவில்லை. பள்ளி மட்டும் ஒரு எட்டு முன்னால் நின்றது. இப்படி நாலு நாள் கட்டிப் பார்த்துவிட்டு, கயிற்றைக் கழற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விட்டார்கள்.

கயிற்றுக் கூத்தைப் பார்த்த முத்துநாச்சியாவுக்கு அடக்கமாட்டாத கோபம் வந்தது. வந்துகொண்டிருக்கிற ஒரே ஒரு விருந்தாளியின் காலையும் கட்டுகிறார்களே என்று வயிறெரிந்தாள். பாதுஷா அப்போதுதான் கடையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போயிருந்தான். அந்த வெற்றிடத்தில் தனியாக நின்று சுவரையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சிக்கந்தர் மரைக்காயரை, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் வழிமறித்தாள்.

"காக்கா, கதவைத் தொறந்தது அவுக இல்ல. நான். சாவிய எடுத்துட்டுப் போனது நான். எம்மேல என்ன வேணா எழுதிக்கங்க. அவுக பேரை அழிச்சுருங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொல்ல விடல. சொன்னா மௌத்து வரைக்கும் பேசமாட்டேன்னாக."

"அவன் அப்படித்தான்" என்றார் மரைக்காயர். குரல் உடைந்ததை இருமி மறைத்தார். "எழுதுனது எழுதுனதுதான் நாச்சியா. ஊரு கூடி எழுதுனத நான் ஒத்த ஆளு அழிக்க முடியுமா? எனக்கும் பேரப்புள்ளைக இருக்கு. ஊரு என்னைய என்ன சொல்லும்?"

"ஊருன்னா யாரு காக்கா? நீங்கதானே?"

அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பள்ளியைச் சுற்றிப் போகாமல் தெருவைச் சுற்றிப் போனார்.

டாக்டர் கொடுத்த நாலு வாரம் முடிந்தபோது ஒன்பது எட்டு பாக்கி இருந்தது. இதுரீசுக்குச் சோறு இறங்கவில்லை, தண்ணீர் மட்டும் இறங்கியது. முத்துநாச்சியாவுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் மூச்சை எண்ணுவாள், வாசலுக்கு ஓடி எட்டை எண்ணுவாள், திரும்பி ஓடிவந்து மூச்சை எண்ணுவாள். ஒரு நாள் பட்டப்பகலில், வெளியே பிதுங்கியிருக்கும் மிஹ்ராபுச் சுவரின் வளைவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளுகிற மாதிரி நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வெரசா வந்தா என்ன? வர்றவுக இப்பிடித்தான் ஆடி அசைஞ்சு வருவாகளா?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள். வெயிலில் கல் சுட்டது. மறுநாளும் பள்ளி ஒரே எட்டுத்தான் வைத்தது. கல்லுக்கு என்ன, நானூறு வருஷம் நின்று பழகிய திமிர் என்று அவள் அழுதுகொண்டே ஏசினாள். ஏசிவிட்டுப் பயந்துபோய், அல்லாஹ்விடம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள்.

இதுரீசு அந்த ஒரு வாரத்தை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று தெரியாது. கொண்டுவந்தார். ஐந்து வாரம் முடிந்த மறுநாள், புதன்கிழமைக் காலையில், முத்துநாச்சியா முன்வாசல் கதவைத் திறந்தபோது, ஒரு சாண் இடைவெளியில் பள்ளியின் சுவர் நின்றது. மிஹ்ராபுக்கு வலப்பக்கத்துச் சன்னல், இதுரீசு படுத்திருந்த அறைச் சன்னலுக்கு நேர் எதிராக வந்து பொருந்தியிருந்தது. உள்ளேயிருந்து ஆலிம்சா சன்னல் கதவைத் திறந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கட்டிலில் ஒரு மனிதர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மோதினாரே" என்றார் ஆலிம்சா.

பதினோரு வருஷமாகப் பள்ளியிலிருந்து வராத சலாம் அது. இதுரீசு அதற்குப் பதில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. முடித்ததும் சொன்னார்: "புது மோதினார் பாங்க நல்லாத்தான் சொல்றாரு. கடைசியில மட்டும் அவசரப்படுறாரு. வீட்ல சோறு ஆறிப்போகுதாமான்னு கேளுங்க."

அன்றைக்கு மத்தியான லுஹர் தொழுகைக்கு, படுத்தபடியே இமாமோடு சேர்ந்து தொழலாமா என்று கேட்டார். ஆலிம்சா தயங்கினார். இமாமுக்கு முன்னால் இருக்கிறவர் இமாமைப் பின்பற்றித் தொழ முடியாது, கூடாது என்றார்.

இதுரீசுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமல் வந்தது. "மௌத்தாயிட்டா முன்னால படுக்கலாம்ல ஆலிம்சா?"

"மச்சான்!" என்று அதட்டினாள் முத்துநாச்சியா.

வியாழக்கிழமை பள்ளி எட்டு வைக்கவில்லை. அங்கேயே நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அஸர் நேரத்தில் இதுரீசு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஊரு செஞ்சத நான் பொருந்திட்டேன் நாச்சியா. எப்பவோ பொருந்திட்டேன். கேட்டா சொல்லிரு."

"அப்ப நானு?"

"அது ஒன்னோடது. அதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அவள் கையைத்தான் பிடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் முற்றத்தில் பாதி ஏறியபோது அவர் மௌத்தானார். முத்துநாச்சியா கத்தவில்லை. கொல்லைப்பக்கம் வந்த கமருன்னிசாவைத் தண்ணீர் இறைக்கச் சொல்லி, அவரைத் தானே குளிப்பாட்டினாள், தானே வெள்ளைக் கபன் துணி சுற்றினாள், கட்டிலைச் சன்னலோடு ஒட்டித் தள்ளினாள், தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் யாரையும் எதுவும் கேட்பதாக இல்லை.

ஜும்ஆவுக்கு ஊர் நிறைந்திருந்தது. தொழுகை முடிந்ததும் ஆலிம்சா சன்னலைத் திறந்தார். முதல் வரிசைக்காரர்கள் வெள்ளைத் துணியைப் பார்த்தார்கள். சேதி வரிசை வரிசையாகப் பின்னால் போய், பழைய வெறுந்தரையில் நின்றவர்கள் வரைக்கும் போனது. கூட்டத்தில் ஒருவர், தீர்மானம் இருக்கிறதே என்றார். கொண்டுவந்து வாசியுங்கள் என்றார் ஆலிம்சா. ஜமாஅத்தின் பெரிய நோட்டு வந்தது. மய்யித்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து தொழவைக்கக் கூடாது என்று எழுதியிருந்ததைக் கணக்கு வாத்தியார் உரக்க வாசித்தார்.

"யாரு கொண்டாந்தா?" என்றார் ஆலிம்சா. "அவரு அவரு வீட்டுக் கட்டில்ல இருக்காரு. ஜனாஸாத் தொழுகைக்கு மய்யித்து இமாமுக்கு முன்னால, மேக்க கிப்லாப் பக்கம் இருக்கணும். இருக்கு. மய்யித்துக்கிட்ட பள்ளி வரக்கூடாதுன்னு அதுல எங்கேயாவது எழுதியிருக்கா? பாத்துச் சொல்லுங்க."

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார், இல்லை என்றார்.

ஜனாஸாவுக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, இவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று ஊரிடம் கேட்பது வழக்கம். வாரிசில்லாத மய்யித்துக்கு முத்தவல்லி கேட்பார். இதுரீசுக்குப் பிள்ளை கிடையாது. எல்லாரும் சிக்கந்தர் மரைக்காயரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், ஊரைப் பார்த்துத் திரும்பினார், இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியத்தைத் தொடங்கினார். "இந்த மய்யித்து, ஒங்க யாருக்காச்சும்..." அதற்கு மேல் நாக்குப் புரளவில்லை. அவர் மெல்லத் திரும்பி, சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை அதில் சாய்த்தார்.

"இதுரீசு... நாங்க செஞ்சதப் பொருந்திக்கடா. நான் செஞ்சதப் பொருந்திக்க."

சன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண் குரல் வந்தது. "பொருந்திட்டாக. நேத்தே சொல்லிட்டாக."

பிறகு வரிசைகள் நேராகின. நாலு தக்பீர். கோரைத்துறை முழுவதும் அந்தக் கடைசி வீட்டைப் பார்த்துக் கைகட்டி நின்று, உள்ளே படுத்திருந்த மனிதருக்காகத் தொழுதது. தொழுது முடித்ததும் முன்வாசலில் நுழைய இடமில்லாததால் சந்தூக்கு கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்தது. மரைக்காயர் முன்காலில் தோள் கொடுத்தார். மையவாடியில், வேப்பமரத்துக்குத் தெற்கே, ஈரமான நல்ல மண்ணில் இதுரீசு மோதினாரை அடக்கினார்கள்.

சனிக்கிழமை பள்ளி நகரவில்லை. ஞாயிறும் நகரவில்லை. அடுத்த வெள்ளியும் போனது. கரண்டுக்காரர் சுருளைக் கழற்றலாமா என்று கேட்டு அனுப்பினார். இனி பள்ளி மேற்கே போகும், ஹஜ்ஜுப் பயணம் தொடரும் என்று எதிர்பார்த்து மறுபடியும் மாலை கட்டியவர்கள், மாலை வாடுவதைப் பார்த்து ஆலிம்சாவிடம் போனார்கள். பொருத்தம் கேட்கவேண்டியவர் இன்னொருவர் பாக்கி இருக்கலாம் என்றார் ஆலிம்சா. அவர் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

அப்படித்தான் இதுரீசு மௌத்தாகி நாற்பது நாள் முடிந்த அன்று அஸருக்குப் பிறகு, சிக்கந்தர் மரைக்காயர் அந்த ஒரு சாண் சந்தில் உடம்பை ஒடுக்கிப் பக்கவாட்டாக நுழைந்து, முத்துநாச்சியாவின் முன்வாசலில் வந்து நின்றார். பின்னால் சந்து முழுக்க ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. புருஷனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கிற இத்தாவில் அவள் இருந்ததால் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"நாச்சியா, ஒனக்கும் நாங்க செஞ்சது கொஞ்சமில்ல. வாய்விட்டுக் கேக்குறேன். பொருந்திக்கம்மா. நீ பொருந்துனாத்தான் பள்ளி நகரும்."

அவளுக்கு இரக்கமில்லாமல் இல்லை. அந்த மனிதரின் குரல் நடுங்குவது கேட்டது, சந்துக்குள் நெருக்கி நிற்கிறவர்களின் வேர்வை வாடைகூட வந்தது. பொருந்திவிட்டேன் என்ற சொல் அவள் நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் இவர்கள் நிம்மதியாகத் திரும்பிப் போவார்கள், பள்ளியும் போகும், வாசல் மறுபடியும் பழையபடி காலியாகக் கிடக்கும், உள்ளே அவரும் இல்லை என்று நினைத்தபோது, முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணின அந்த வீட்டில் நிற்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"காக்கா, பதினோரு வருசம் ஒரு ஆளு மிதிக்காத வாசல் இது. ஒரே நாள்ல வந்து ஒரே நாள்ல வாங்கிட்டுப் போகவா பாக்குறீக?"

"அப்ப?"

"இன்னைக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

கமருன்னிசா உள்ளிருந்து தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். மரைக்காயர் வாங்கி, அங்கேயே சுவரில் முதுகைச் சாய்த்து நின்று குடித்தார். பின்னால் நின்றவர்களுக்கும் கைமாற்றிக் கைமாற்றிப் போனது. மறுநாள் அஸருக்குப் பிறகு வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள்.